கரண்ட் இல்லாத நாட்களில் ஹேண்டி பேட்டரியை எப்படி நீட்டிப்பது?

கோரையாறு
திங்கள், இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அமெச்சூர் ரேடியோ (ஹாம்) உரிமம் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. கையில் இருப்பது சாதாரண ஐந்து வாட் ஹேண்டி, அதாவது கையில் பிடித்துப் பேசும் ரேடியோ. இரண்டு மீட்டர், எழுபது சென்டிமீட்டர் என்று இரண்டு அலைவரிசைப் பட்டைகளும் வரும்.

போன கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் நான்கு நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் ராத்திரியே செல்போன் சிக்னலும் போய்விட்டது. எட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஹாம் நண்பர் இருக்கிறார். அவரோடு சிம்ப்ளெக்ஸில், அதாவது நடுவில் வேறு நிலையம் இல்லாமல் நேரடியாகப் பேசி, எந்த வாய்க்கால் கரை இளகியிருக்கிறது, எந்த ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது என்று கேட்டு இங்கே தெருவில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காலை ஒரு அரிசி ஆலையில் ஜெனரேட்டர் ஓடியது. அங்கே போட்டு முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு பதினோரு மணிக்கு ஆன் செய்தேன். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் அவர் "கிழக்கே புதிதாக ஒரு" என்று ஆரம்பித்தார். ஹேண்டி ஒரு பீப் சத்தம் போட்டு அணைந்துவிட்டது.

புதிதாக ஒரு உடைப்பு என்பது மறுநாள் மதியம்தான் எனக்குத் தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

பேட்டரி 1800 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி, அதாவது கொள்ளளவு) என்று போட்டிருக்கிறது, மூன்று வருடப் பழசு. 3800 போட்ட பெரிய பேட்டரி வாங்கினால் சரியாகிவிடுமா? ஐப்பசி பிறப்பதற்குள் இதற்கு ஒரு வழி செய்துவிட வேண்டும்.

மன்னை_மல்டிமீட்டர்
திங்கள், இரவு 10.05

அண்ணே, பெரியது வாங்குவது இருக்கட்டும். முதலில் கையில் இருப்பதில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். நான் மன்னார்குடியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பேட்டரி மேல் அச்சடித்த எண்ணை நம்புவதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

நம் ஹேண்டி பேட்டரிக்குள் இருப்பது தொடராக இணைத்த இரண்டு லித்தியம் அயான் செல். முழுக்க ஏறினால் 8.4 வோல்ட் காட்டும். முழுதாக ஏற்றிய பேட்டரியில் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டுங்கள், 12 வோல்ட் 10 வாட் பல்பு. ஏறக்குறைய 0.6 ஆம்பியர் இழுக்கும். மீட்டரைப் பக்கத்திலேயே வைத்து 6.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் பல்பைக் கழற்றிவிட வேண்டும். எத்தனை மணி நேரம் எரிந்ததோ அதை 600-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் உண்மையான எம்.ஏ.எச். பல்பு நன்றாகச் சுடும். ஓட்டு வில்லை மேல் வைத்துச் செய்யுங்கள், விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள். இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று தொட்டுவிடக் கூடாது.

ஆன்லைனில் வாங்கிய 3800 பேட்டரி ஒன்றை வாடிக்கையாளர் கொண்டுவந்தார். இரண்டரை மணி நேரம் எரிந்தது. அப்படியானால் 1500. பேட்டரியின் உயரமும் எடையும்தான் கூடியிருந்தன.

கோரையாறு
செவ்வாய், இரவு 8.40

பார்த்துவிட்டேன் தம்பி. அடுப்படித் திண்ணையில் ஓடு வைத்து, மகள் கையில் கடிகாரம் கொடுத்து உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் வரை 7.2-ஐ விட்டு இறங்கவே இல்லை. நல்ல பேட்டரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடமடவென்று சரிந்தது. சரியாக இரண்டு மணி நேரத்தில் 6.4. அதாவது 1200. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது.

அரசலாறு
செவ்வாய், இரவு 9.55

தம்பி, உங்கள் பதிவை நேற்றே படித்தேன். கணக்கோடு பதில் எழுதலாம் என்று இருந்தேன். நான் கும்பகோணம். ஹேண்டி கையில் எடுத்து முப்பது வருடம் தாண்டிவிட்டது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய பேட்டரிக் கூடு ஒன்றிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து, 7.4 வோல்ட் சப்ளையோடு ஆம்பியர் மீட்டரையும் தொடராக வைத்து என் கருவியை அளந்திருக்கிறேன். உங்களுடையதும் இதே வகை என்பதால் பெரிதாக மாறாது. சும்மா காத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது 75 மில்லி ஆம்பியர். பேட்டரியை மிச்சப்படுத்தும் சேவர் போட்டால் சராசரி 30-க்கு இறங்குகிறது. ஸ்பீக்கரில் குரல் வரும்போது 200. ஐந்து வாட்டில் பி.டி.டி. என்ற பேச்சுப் பொத்தானை அழுத்தினால் 1400. ஒரு வாட்டில் அழுத்தினால் 700.

உங்கள் அந்த நாளைப் போட்டுப் பார்த்தேன். ஆபத்து நேரம், நிறையப் பேசியிருப்பீர்கள். பத்தில் ஒரு பங்கு நேரம் பேச்சு, பத்தில் ஒரு பங்கு கேட்பு, மீதி காத்திருப்பு என்று வைத்துக்கொள்வோம். பேச்சுக்கு 140, கேட்புக்கு 20, காத்திருப்புக்கு 60. ஆக மணிக்கு 220. 1200-ஐ 220-ஆல் வகுத்தால் ஐந்தரை மணி நேரம். பதினோரு மணிக்கு ஆன் செய்ததற்கு நாலரை, ஐந்து என்று வருகிறது. உங்கள் ஹேண்டி அதன் கணக்குப்படிதான் அணைந்திருக்கிறது.

இப்போது அதே 1200-ஐ வைத்துக்கொண்டு வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். பேச்சும் கேட்பும் நூற்றுக்கு ஐந்து ஐந்து, மீதித் தொண்ணூறு காத்திருப்பு. கருவி செய்பவர்கள் பேட்டரி நேரம் சொல்லும்போது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாட், சேவர் ஆன். பேச்சுக்கு 35, கேட்புக்கு 10, காத்திருப்புக்கு 27, மொத்தம் 72. பதினாறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. புதுப் பேட்டரி வாங்காமலேயே மூன்று மடங்கு.

ஒன்றைக் கவனியுங்கள். சக்தியை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் கரண்ட் பாதிதான் குறைகிறது. கடைசி ஆம்ப்ளிஃபயர் முழுச் சக்தியில் திறமையாக ஓடுகிற மாதிரி வடிவமைத்தது. குறைந்த சக்தியில் இழுப்பதில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். அதனால் "லோ பவரில் வைத்துவிட்டேன், இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்" என்று இருக்க முடியாது. லோ பவர், குறைந்த பேச்சு இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

வெண்ணாற்றங்கரை
புதன், காலை 6.30

ஐயா, ஒரு சந்தேகம். நான் தஞ்சாவூர்ப் பக்கம், இந்த வருடம்தான் உரிமம் வந்தது. சேவர் போட்டால் எதிராளி பேசும் முதல் வார்த்தை விழுங்கப்படுகிறது. போன வாரம் அண்ணன் ஒருவர் "பட்டுக்கோட்டை" என்று சொன்னது எனக்குக் "கோட்டை" என்றுதான் வந்தது. புதுக்கோட்டையா பட்டுக்கோட்டையா என்று திரும்பக் கேட்க வேண்டியதாகிவிட்டது. வெள்ள நேரத்தில் இது ஆபத்து இல்லையா?

அரசலாறு
புதன், காலை 7.15

நல்ல கேள்வி அம்மா. சேவர் என்பது ரிசீவரை அணைத்து அணைத்து விழிக்கவைக்கும் ஏற்பாடு. தூங்கும் நேரத்தில் சிக்னல் வந்தால், அடுத்த விழிப்பு வரை அதற்குத் தெரியாது. டோன் ஸ்க்வெல்ச்சும் (குறிப்பிட்ட ஒலி வந்தால்தான் ஸ்பீக்கரைத் திறக்கும் ஏற்பாடு) சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் தாமதம். இதற்கு மருந்து பேசுகிறவர் கையில் இருக்கிறது. பி.டி.டி.யை அழுத்தி, மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு அப்புறம் வாயைத் திறக்க வேண்டும். ஊர்ப்பெயரை முதல் வார்த்தையாக வைக்கவே கூடாது. எங்கள் குழுவில் முதலில் அழைப்புக்குறி (உரிமத்தோடு வரும் அடையாளப் பெயர்), பிறகு செய்தி, ஊர்ப்பெயர் இரண்டு முறை. இந்தப் பழக்கம் வந்த பிறகு சேவரால் எங்களுக்கு ஒரு செய்தியும் தவறியதில்லை.

கோரையாறு தம்பி, நீங்கள் இரண்டு அலைவரிசையையும் மாறி மாறிக் கேட்கும் இரட்டைக் கவனிப்பு போட்டிருந்தீர்களா? பல கருவிகளில் அது ஓடும்போது சேவர் சரியாகத் தூங்க விடாது. ஸ்கேனும் அப்படித்தான்.

கோரையாறு
புதன், காலை 7.40

ஆமாம் ஐயா. இரட்டைக் கவனிப்பு, திரை வெளிச்சம், ஒவ்வொரு பொத்தானுக்கும் பேசும் பெண் குரல், எல்லாமே ஆனில் இருந்தன. ராத்திரி டார்ச்சுக்கும் அதைத்தான் பயன்படுத்தினேன். எல்லாவற்றையும் இப்போதே அணைத்துவிட்டேன்.

கொள்ளிடம்_வடகரை
புதன், மதியம் 1.10

அரசலாறு ஐயாவின் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒரு வாட்டுக்கும் ஐந்து வாட்டுக்கும் நடுவே இழுத்துப் பிடித்துக்கொண்டு இருப்பதை விட, ஒரு பெரிய பேட்டரி வைத்துக்கொள்வது எளிது. நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட், 12.8 வோல்ட், 6 ஆம்பியர் மணி. கிட்டத்தட்ட 77 வாட் மணி. நம் 1800 பேட்டரியில் 13 வாட் மணிதான். ஆறு மடங்குக்குக் கிட்ட. வெயிலுக்கும் கொஞ்சம் தாங்கும். ஹேண்டியில் பேட்டரி எலிமினேட்டர் (பேட்டரிக்குப் பதில் மாட்டி, வோல்ட்டைக் குறைத்துத் தரும் கூடு) மாட்டி நேராக இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வெள்ளத்தில் தவிக்கிற ஆளிடம் சிக்கனப் பாடம் நடத்தக் கூடாது என்பது என் கருத்து.

மன்னை_மல்டிமீட்டர்
புதன், மதியம் 2.00

எலிமினேட்டர் என்றதும் பயம் வருகிறது. டிராக்டர் பேட்டரியில் நேராக ஒயர் கொடுத்துச் செத்துப்போன ஹேண்டி ஒன்று என் கடையிலேயே கிடக்கிறது. 7.4 வோல்ட்டுக்குச் செய்த கருவி அது. இன்ஜின் ஓடும்போது டிராக்டர் பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். நடுவில் எலிமினேட்டர் இல்லாமல், ஃபியூஸ் இல்லாமல் யாரும் 12 வோல்ட்டில் கை வைக்க வேண்டாம்.

மலிவான எலிமினேட்டர் வோல்ட்டைக் குறைப்பது மிச்சத்தைச் சூடாக்கித்தான். 12.8-ஐ 8 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் சூடு. அண்ணன் சொல்கிற 77 வாட் மணியில் ஐம்பதுக்குக் கீழேதான் ஹேண்டிக்குப் போய்ச் சேரும். ஸ்விட்சிங் வகையில் இந்த நஷ்டம் குறைவு, ஆனால் சில பலகைகள் ரிசீவரில் இரைச்சல் கிளப்பும். வாங்கும்போது ஹேண்டியை ஆன் செய்து, மெல்லிய சிக்னல் ஒன்றைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அரசலாறு
புதன், மாலை 6.20

கொள்ளிடம் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் மேசை மேல் வைத்துப் பேசுபவருக்கு அந்தப் பெரிய பேட்டரிதான் சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோரையாறு தம்பி கரை மேல் நடந்துகொண்டு பேசுகிறார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் டார்ச். அந்தப் பேட்டரியையும் தோளில் தொங்கவிட முடியாது. அவருடைய பெரிய பேட்டரி வீட்டில் இருந்து, ராத்திரியில் சின்னப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றட்டும். பல சார்ஜர் தொட்டிலின் அடியில் எத்தனை வோல்ட் வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும்.

பவர் பேங்க் போதுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. 10000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்குரிய கணக்கு. அதாவது 37 வாட் மணி. 5 வோல்ட் ஆக்கி, அதைத் தொட்டிலுக்கு வேண்டிய வோல்ட்டுக்கு ஏற்றி, இரண்டு இடத்திலும் நஷ்டம் போக, நம் 13 வாட் மணிப் பேட்டரியை இரண்டு முறை நிரப்பும். ஐந்து முறை வரும் என்று எண்ணி இருக்காதீர்கள்.

உப்பளத்தான்
புதன், இரவு 9.30

வேதாரண்யத்திலிருந்து. பதிவு நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி கஜா புயல் எங்கள் மேல்தான் கரை ஏறியது. விடிந்து பார்த்தால் தென்னை நின்ற இடமெல்லாம் வானம் தெரிந்தது. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. என்னிடம் ஒரு ஹேண்டி, இரண்டு பேட்டரி. சார்ஜ் ஏற்ற வழி எதுவும் கண்ணில் படவில்லை.

எங்களைக் காப்பாற்றியது நேர ஒப்பந்தம். நாங்கள் மூன்று பேர். முதல் நாள் காலையிலேயே, பேட்டரி நிறைந்திருக்கும்போதே பேசி முடிவு செய்தோம். மணி அடித்ததும் ஆன் செய்வது, பத்து நிமிடம் கேட்பது, செய்தி இருந்தால் சொல்வது, அணைத்துவிடுவது. காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை. சேதி இல்லை என்றாலும் "இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை. மூவரும் கைக்கடிகாரத்தை ஒன்றாக வைத்துக்கொண்டோம், ஏனென்றால் செல்போன்கள் எல்லாம் செத்திருந்தன.

அரசலாறு ஐயா கணக்கில் போட்டுப் பாருங்கள். பதினாறு முறை, பத்துப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம்கூட இல்லை.

அணைத்து வைத்திருக்கும்போது அவசரம் வந்தால்? எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் ஆளுக்கு ஒரு நேரம் பிரித்துக்கொண்டு, எப்போதும் ஒருவர் மட்டும் சேவரில் முழு நேரம் கேட்டுக்கொண்டிருப்பது என்று வைத்தோம். மூவரும் ஒரே நேரத்தில் காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

இன்னொன்று உப்புக் காற்று. ஹேண்டியின் பின்பக்கம் பேட்டரி தொடும் பித்தளைத் தகடுகள் எங்கள் ஊரில் ஒரே மாதத்தில் பச்சை பூக்கும். பேட்டரி நிறைந்திருக்கும், பி.டி.டி. அழுத்தினால் அணைந்துவிடும். பேட்டரி போச்சு என்று நினைப்போம். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிப்பானால் நாலு தேய்ப்பு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரு துடைப்பு, பழையபடி ஓடும்.

அரசலாறு
புதன், இரவு 10.00

போட்டுப் பார்த்தேன். நாளைக்கு 160 நிமிடம், மணிக்கு 72 வீதம் 192 எம்.ஏ.எச். கோரையாறு தம்பியின் அந்தப் பழைய 1200 பேட்டரியிலேயே ஆறு நாள் வரும். ஐந்தரை மணி நேரத்தில் அணைந்த அதே பேட்டரி.

கொள்ளிடம் தம்பி, இதைத்தான் நான் சிக்கனம் என்று சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொள்ளிடம்_வடகரை
புதன், இரவு 10.20

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆறு நாள் என்பது என் 77 வாட் மணியையும் யோசிக்க வைக்கிறது. எங்கள் பக்கம் இருக்கும் நால்வரிடமும் இந்த மணி ஒப்பந்தத்தை நாளைக்கே பேசுகிறேன். பெரிய பேட்டரியையும் விடமாட்டேன், அது ராத்திரிக் கேட்பவரிடம் இருக்கட்டும்.

வெண்ணாற்றங்கரை
வியாழன், மாலை 5.45

எனக்கு ஒரு வாட்டில் யாருக்குமே கேட்பதில்லை. ஐந்தில் வைத்தால்தான் பதில் வருகிறது. அப்படியானால் எனக்குச் சேமிப்பே கிடையாதா?

உப்பளத்தான்
வியாழன், இரவு 8.10

இருக்கிறது தங்கச்சி. ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்குவது 7 டெசிபெல். சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படிக்குக் கொஞ்சம் மேல். அதை ஆன்டெனாவில் திரும்ப எடுத்துவிடலாம். ஆன்டெனா கரண்ட் தின்னாது.

ஹேண்டியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவுக்கு வேண்டிய மறுபாதி உங்கள் கையும் உடம்பும்தான். அதற்கு ஒரு வால் கொடுங்கள். 49 சென்டிமீட்டர் மெல்லிய ஒயர், ஒரு முனை ஆன்டெனா திருகும் இடத்தின் வெளி உலோகத்தைத் தொட வேண்டும், மறுமுனை சும்மா கீழே தொங்கட்டும். இதைப் புலிவால் என்பார்கள். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் அது. ஆன்டெனாவின் நடு முள் தொடும் துளைக்குள் எதுவும் படக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் நண்பருக்குச் சிதறிச் சிதறி வந்த என் குரல், வால் கட்டிய அன்றே தெளிவாகிவிட்டது.

அப்புறம் உயரம். நம் டெல்டா தாம்பாளம் மாதிரி தட்டை. மலை மறைப்பதில்லை, பூமியின் வளைவுதான் மறைக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால் உங்கள் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். தரையில் நின்று ஒன்றரை மீட்டரில் பிடித்தால் 5 கிலோமீட்டர். எதிராளியும் அப்படியே நின்றால் இருவருக்கும் சேர்த்து 10. நீங்கள் மட்டும் 12 மீட்டரில் ஆன்டெனா ஏற்றினால் 14-ம் 5-ம் சேர்ந்து 19. நடுவில் தென்னந்தோப்பு வந்தால் குறையும். ஆனாலும் பத்து வாட் கூட்டினாலும் கிடைக்காத தூரம் இது.

எங்கள் கடலோர ஊர்களில் 1980களில் இலங்கை ரூபவாகினி பார்க்க வீட்டுக்கு வீடு உயரக் குழாய் நட்டார்கள். அந்தக் குழாய்கள் இன்னும் சில மாடிகளில் நிற்கின்றன. டிவிக்கு இறக்கிய தட்டை ரிப்பன் ஒயர், 300 ஓம், பரணில் சுருட்டிக் கிடக்கும். அதில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வெட்டினால் இரண்டு மீட்டர் பேண்டுக்கு நல்ல ஜே-போல் ஆன்டெனா செய்யலாம். சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது நைலான் கயிற்றில் கட்டிக் கிளையில் ஏற்றலாம். என் அப்பா ரூபவாகினிக்காக வாங்கிய ஒயரில்தான் கஜா சமயத்தில் நான் பேசினேன்.

கீழிருந்து மேலே போகும் கேபிளை நீளமாக விடாதீர்கள். ஆர்.ஜி.58 கேபிள் 15 மீட்டர் போனால் பாதிச் சக்தி அதிலேயே போய்விடும். இடி மின்னல் வந்தால் உடனே கழற்றிக் கீழே போட்டுவிட வேண்டும், இதில் மட்டும் சோம்பல் கூடாது.

மன்னை_மல்டிமீட்டர்
வியாழன், இரவு 9.00

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. மழைக்கு முன்னால் வெயில் இருக்கிறது. கோரையாறு அண்ணன் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போனது பேசியதால் மட்டும் இருக்காது. லித்தியம் செல்லுக்கு ஆகாதது சூடும் நிறைந்த வயிறும் ஒன்றாகச் சேர்வது. எங்கே வைத்திருந்தீர்கள் அண்ணே?

கோரையாறு
வியாழன், இரவு 9.25

சார்ஜர் தொட்டிலிலேயே. முழுதாக ஏற்றி, மேல்மாடி அறையில் ஜன்னலோரம். கத்திரி வெயிலில் அந்த அறையில் நம்மால் உட்கார முடியாது. அவசரத்துக்கு எப்போதும் தயாராக இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்தேன்.

மன்னை_மல்டிமீட்டர்
வியாழன், இரவு 9.50

அதுதான் காரணம். தையிலிருந்து ஆடி வரை பாதி சார்ஜில் வையுங்கள், மீட்டரில் 7.6 வோல்ட் பக்கம் இருந்தால் போதும். கருவியிலிருந்து கழற்றி, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில், நெல் குதிர் இருக்கும் அறை மாதிரி இடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை வோல்ட் பாருங்கள். புரட்டாசி கடைசியில் முழுக்க ஏற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நிறைந்தே இருக்கட்டும், அப்போது வெயிலும் குறைவு. ஃப்ரிட்ஜில் வைப்பது வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

பென்டார்ச் செல் போடும் கூடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண அல்கலைன் செல் ஐந்து வாட்டில் 1.4 ஆம்பியர் கேட்டதும் படுத்துவிடும். அதில் ஒரு வாட் மட்டும்தான். திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல் போட்டால் ஐந்தையும் ஓரளவு தாங்கும்.

கோரையாறு
ஞாயிறு, இரவு 9.30

மூன்று நாள் சோதனை முடிந்தது. வெள்ளி காலை ஆறு மணிக்கு முழுக்க ஏற்றிய அந்த 1200 பேட்டரியோடு ஆரம்பித்தோம். எட்டு கிலோமீட்டர் நண்பரும் சேர்ந்துகொண்டார். மணிக்குப் பத்து நிமிடம், ஒரு வாட், சேவர், புலிவால். சனிக்கிழமை உப்பளத்தான் அண்ணன் சொன்னபடி ரிப்பன் ஆன்டெனா செய்து, வேப்பமரத்தில் கயிறு எறிந்து ஏற்றினோம். மகள்தான் கயிற்றை இழுத்தாள். நண்பரின் ஹேண்டியில் என் சிக்னல் முழுக்கோடு வந்தது, ஒரு வாட்டில்.

இன்று ராத்திரி ஒன்பது மணிக் கேட்பு முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி மீட்டர் வைத்தேன். 7.5 வோல்ட். ஐயா கணக்குப்படி பாதிக்குக் கொஞ்சம் மேல் மிச்சம் இருக்க வேண்டும். புதுப் பேட்டரி ஒன்று வாங்கத்தான் போகிறேன், பழசு பழசுதான். ஆனால் அதுவும் 1800-தான், பெரியது வேண்டாம்.

உப்பளத்தான்
ஞாயிறு, இரவு 9.45

தம்பி, உங்கள் வேப்பமரத்திலும் என் மாடிக் குழாயிலும் ஆன்டெனா 12 மீட்டர் இருந்தால் கணக்கு 28 கிலோமீட்டர் காட்டுகிறது. நமக்கு நடுவே ஏறக்குறைய அவ்வளவுதான். நாளை காலை ஆறு மணிக்கு அழைக்கிறேன். ஒரு வாட்டில்.

கோரையாறு
திங்கள், காலை 6.12

கேட்டது அண்ணே. இரைச்சலுக்கு நடுவில், மெல்லிசாக. ஆனால் "வேதாரண்யம்" முழுதாக வந்தது, இரண்டு முறை.